எர்த்ஸீ செய்ய மறுப்பவை

தன் நாவலைப் படமாக்கும் உரிமையை விற்கிற எழுத்தாளருக்கு அமெரிக்க ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு பதவி எழுதிக் கொடுப்பார்கள்: ஆலோசகர். கேட்டால் ஆலோசனை சொல்லலாம். கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனல், உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நாவல்களில் முதல் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து இரண்டு இரவுகளில் ஒளிபரப்பியபோது அவருக்கு இருந்த பதவி அதுதான். ஒளிபரப்பு முடிந்த சூட்டோடு ‘ஸ்லேட்’ இணைய இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். என் தீவுக்கூட்டத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். மிகைபுனைவு நாவல்களின் திரைத் தழுவல் பற்றிப் பேச்செடுக்கும் எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போவது கடினம்.

எர்த்ஸீ வரிசையில் ஆறு நூல்கள். 1968இல் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’, 1971இல் ‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’, 1972இல் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’. பிறகு பதினெட்டு ஆண்டு மௌனம். 1990இல் ‘தெஹானு’, 2001இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ‘தி அதர் விண்ட்’ நாவலும். மந்திரப் பள்ளிக்குப் படிக்கப் போகும் பையன் என்ற கதைக்கருவை இன்று உலகம் வேறொரு தொடரோடு சேர்த்தே நினைக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு முன்பே ரோக் தீவில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. இந்த நூல்களோடு வளர்ந்தவர்கள் இன்னும் ஒரு நல்ல திரைவடிவத்துக்குக் காத்திருக்கிறார்கள். ‘நூலுக்கு உண்மையாக இருக்க வேண்டும்’ என்பது அவர்களின் ஒரே கோரிக்கை. எதற்கு உண்மையாக என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், நேரமும் பணமும். இரண்டு மணி நேரப் படத்தில் நாவல் அடங்காது, நெடுந்தொடராக எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஃபிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ இதற்கு நல்ல சோதனை. 2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படம் கதையிலிருந்த திருச்சபை விமர்சனத்தை மழுப்பியது; நாவலை முடித்துவைக்கும் சிறுவனின் மரணத்தைப் படம்பிடித்தும்கூட, அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டி எடுத்தது. அடுத்த பாகம் வரவேயில்லை. 2019 முதல் 2022 வரை பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து அதே மூன்று நூல்களை 23 பகுதிகளாக எடுத்தபோது மரணம் திரும்பி வந்தது, திருச்சபையும் வந்தது. ஆனால் நாவலில் ஒவ்வொரு மனிதரோடும் ஒட்டிக்கொண்டு திரியும் ஆன்ம விலங்குகள் கூட்டக் காட்சிகளில் காணாமல் போயின. ஒவ்வொன்றையும் கணினியில் உருவாக்கச் செலவாகும். விலங்கிலிருந்து பிரிக்கப்படும் குழந்தை என்பதே அந்தக் கதையின் உச்சகட்டக் கொடூரம். தெருவில் நடக்கிற பாதிப் பேர் விலங்கில்லாமலே நடந்தால் அந்தக் கொடூரம் எங்கே உறைக்கும்? நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் காப்பாற்றியவர்கள் அந்த உலகத்தின் இயல்பைப் பாதிதான் காப்பாற்றினார்கள்.

நீளத்தைவிட எழுத்தாளரின் கை முக்கியம் என்று வேறொரு கட்சி உண்டு. ரிக் ரியோர்டன் தன் பெர்சி ஜாக்சன் நாவல்களின் 2010ஆம் ஆண்டுப் படம் தயாராகும்போதே, பன்னிரண்டு வயது நாயகனைப் பதின்பருவ இளைஞனாக மாற்றாதீர்கள் என்று தயாரிப்புத் தரப்புக்கு எழுதினார், யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அந்தக் கடிதங்களை அவரே வெளியிட்டார். 2023இல் வந்த டிஸ்னி தொடரில் அவரே உருவாக்குநர்களில் ஒருவர், நாயகனும் சிறுவன். இந்த வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லெ குவின் 2018 ஜனவரியில் இறந்துவிட்டார். எர்த்ஸீக்கு அந்த வழி அடைபட்டாயிற்று. மிஞ்சியிருப்பது நூல் மட்டும்.

அந்த நூலை, திரைத்துறையின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்த்தால் விசித்திரமான ஒன்று புலப்படும். ஒரு சாகசப் படத்துக்கு எதெல்லாம் தேவையோ அதையெல்லாம் லெ குவின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு தொட மறுக்கிறார்.

முதல் நூலில் ஒரு மழைக்காட்சி வருகிறது. கோன்ட் தீவின் ஆடு மேய்க்கும் பையன், பெரும் மந்திரவாதி ஓகியோனிடம் சீடனாகச் சேர்ந்து மலைப்பாதையில் நடக்கிறான். மழை பிடித்துக்கொள்கிறது. அந்த நாட்டில் சாதாரண வானிலை மந்திரவாதிகூட ஒரு சொல்லில் மேகத்தை அடுத்த பள்ளத்தாக்குக்குத் தள்ளிவிடுவான். ஓகியோனோ ஒரு தேவதாரு மரத்தடியைத் தேடி, பேசாமல் படுத்துக்கொள்கிறார். பையன் நனைந்த புதரில் சுருண்டபடி, இவ்வளவு சக்தி இருந்தும் இந்தக் கிழவர் ஏன் நனைகிறார் என்று மனதுக்குள் புழுங்குகிறான். முழு வரிசையின் அறமும் அந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. மந்திரம் என்பது உலகத்தின் சமநிலையில் கைவைப்பது. ஓரிடத்தில் விலக்கிய மழை வேறெங்கோ போய்க் கொட்டும். தெரிந்தவன் கையைக் கட்டிக்கொள்வான். இதை ஒரு ஸ்டுடியோ கூட்டத்தில் விவரித்துப் பாருங்கள். கதையின் மிகப் பெரிய மந்திரவாதி அறிமுகமாகும் காட்சி, அவர் செய்வது ஒன்றுமில்லை. அந்தக் காட்சி எத்தனை நாள் தாங்கும்?

எதிரி விஷயமும் இப்படித்தான். பள்ளியில் கர்வத்தால் தூண்டப்பட்டு அந்தப் பையன் இறந்தவர்களின் உலகிலிருந்து ஒரு நிழலை வரவழைத்துவிடுகிறான். அது அவன் முகத்தைக் கிழித்துவிட்டு ஓடுகிறது; பிறகு தீவு தீவாக அவனைத் துரத்துகிறது. கடைசியில் அவன் திரும்பி அதைத் துரத்துகிறான், நண்பன் வெட்சோடு ஒரு சின்னப் படகில், வரைபடம் முடிகிற இடத்தையும் கடந்து. கடல் அங்கே மணலாகிறது. நிழல் நெருங்க நெருங்க முகம் மாற்றுகிறது: அவன் தந்தை, பள்ளிப் போட்டியாளன், வேறு சிலர். கடைசியில் இருவரும் ஒரே கணத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது அவனுடைய பெயர்தான். கத்தி இல்லை, தீப்பிழம்பு இல்லை, வென்றவனும் இல்லை. தன் மரணத்தைத் தன் பெயரால் அழைத்த ஒருவன் முழு ஆளாகிறான், அவ்வளவுதான். ஒரு திரைக்கதையாசிரியர் இதைப் படித்ததும் எங்கே வில்லன் என்று தேடுவார். கிடைக்காவிட்டால் ஒருவரைச் செய்துகொள்வார். 2004 தொடர் செய்தது அதுதான். சாகாவரம் தேடும் ஒரு கார்காத் மன்னன், படைகள், முற்றுகை.

மூன்றாவது மறுப்பு நிறம். எர்த்ஸீயில் பெரும்பாலோர் செம்பழுப்பு நிறத்தவர், வெட்ச் கறுப்பு, கிழக்கேயுள்ள கார்காத் தீவுக்காரர்களே வெள்ளை, அவர்கள்தாம் முதல் அத்தியாயத்தில் ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள். 1968இல் மிகைபுனைவு நாயகர்கள் வெள்ளையர்களாகவே இருந்த சூழலில், லெ குவின் இதைப் பிரகடனமாகச் சொல்லவில்லை. வாசகர் அந்தப் பையனுக்குள் புகுந்து குடியேறிய பிறகு, போகிற போக்கில் அவன் நிறத்தைச் சொல்கிறார். அவர் மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபரின் மகள். தாய் தியோடரா க்ரோபர், தன் இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி என்ற கலிஃபோர்னியப் பூர்வகுடி மனிதரைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதியவர். உலகத்தில் யார் பெரும்பான்மை என்பது அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அட்டைப்பட ஓவியர்களுக்கு அது புரியவே இல்லை. முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையில் செம்பு நிற முகம் இருந்தது; அதன் பிறகு பல பதிப்புகளில் நாயகன் வெளுத்துக்கொண்டே போனான். தொலைக்காட்சி அந்த வழக்கத்தைத்தான் தொடர்ந்தது.

அந்தத் தொடரின் நடிகர் தேர்வில் ஒரு வேடிக்கை உண்டு. நாயகனாக ஷான் ஆஷ்மோர் என்ற வெள்ளை இளைஞர். ஓகியோனாக மட்டும் டேனி க்ளோவர், முக்கியப் பாத்திரங்களில் ஒரே கறுப்பர். இரண்டாம் நாவலின் நாயகியான, வெள்ளைத் தோல் கொண்ட தெனார் பாத்திரத்துக்கோ, தாய்வழியில் சீன வம்சாவளியான கிறிஸ்டின் க்ரூக். வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரே ஆள்தான் வெள்ளை இல்லை! திட்டமிட்ட இனவெறி என்று இதை நான் சொல்லமாட்டேன். யாரும் நூலை அந்தக் கண்ணோடு படிக்கவே இல்லை என்பதுதான் தெரிகிறது. அது இன்னும் மோசம். மெய்ப்பெயரையும் ஊர் அழைக்கும் பெயரையும்கூட இடம் மாற்றிவிட்டார்கள். நாவலில் நாயகனுக்கு ‘ஸ்பாரோஹாக்’ என்பதே எல்லோர் வாயிலும் புழங்கும் பெயர். ‘கெட்’ என்ற மெய்ப்பெயரை உயிரையே நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒருவரிடம்தான் சொல்வார்கள். வெட்ச் தன் மெய்ப்பெயரை அவனுக்குப் பரிசாகத் தரும் இடம் முதல் நாவலின் மிக அழகான பக்கங்களில் ஒன்று. தொடரில் அது தலைகீழ்.

இவற்றையெல்லாம்கூடப் பிழை என்று விட்டுவிடலாம். இரண்டாம் நாவலுக்கு நேர்ந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ‘அதுவான்’ நாவலில் ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தாய்தந்தையிடமிருந்து பிரித்துக் கல்லறைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பெயரைப் பறித்து, பெயரற்ற இருட்சக்திகளின் தலைமைப் பூசாரியாக்குகிறார்கள். அவள் அந்த இருளை நம்பி, அதற்காகக் கொலைத் தண்டனையும் விதித்து, பின்பு அதை விட்டு வெளியேறுவதுதான் கதை. தொடரில் அந்தப் பூசாரிகள் தீய சக்திகளைச் சிறைப்படுத்திக் காவல் காக்கும் நல்லவர்கள்! அப்புறம் அவள் எதிலிருந்து தப்ப வேண்டும்? தப்ப ஒன்றுமில்லாததால் காதலிக்கிறாள்.

இயக்குநர் ராபர்ட் லீபர்மன் ஒரு பத்திரிகையில் எழுத்தாளரின் நோக்கம் இன்னது என்று விளக்கப்போக, தன் நோக்கத்தைப் பற்றிப் பேச வேறு ஆள் வேண்டாம் என்ற தொனியில் லெ குவின் தன் இணையதளத்தில் பதில் எழுதினார். நியாயம்தான்.

இரண்டாவது முயற்சியின் கதை வேறு ரகம், மனதுக்கு வருத்தம் தருவது. 1980களில் ஹயாவோ மியாசாகி எர்த்ஸீயை அனிமேஷனாக எடுக்க அனுமதி கேட்டிருந்தார். லெ குவினுக்கு அவரைத் தெரியாது. அனிமேஷன் என்றால் டிஸ்னி என்று நினைத்து மறுத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ‘மை நெய்பர் டொடோரோ’ பார்த்தவர், எடுத்தால் இவர்தான் எடுக்க வேண்டும் என்று தானே சொல்லியனுப்பினார். அதற்குள் மியாசாகிக்கு வயதாகிவிட்டது. 2005இல் அவரும் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியும் போர்ட்லண்டில் லெ குவினின் வீட்டுக்கே வந்தார்கள். படத்தை மகன் கோரோ இயக்குவார் என்றார்கள். கோரோ அதுவரை படம் இயக்கியதில்லை. நிலத்தோற்ற வடிவமைப்பில் இருந்தவர், தந்தையின் கிப்லி ஸ்டுடியோ அருங்காட்சியகத்தை நடத்தியவர். லெ குவின் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு சம்மதித்தார்.

2006 ஜூலையில் ஜப்பானில் வெளியான ‘கெடோ சென்கி’ பார்க்க அழகான படம். துறைமுக நகரத்தின் சிதிலமான சுவர்கள், மேய்ச்சல் நிலத்தின் மேல் நகரும் மேகங்கள், தெனாரின் பண்ணைவீட்டு அடுக்களை: எந்த அமெரிக்கத் தயாரிப்பும் இந்தத் தீவுகளுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. உழவு உழும் காட்சியில் ஓகியோனின் வாசம்கூட இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே இளவரசன் அர்ரென் தன் தந்தையைக் கத்தியால் குத்துகிறான். நாவலில் இப்படி எதுவும் கிடையாது. படத்திலும் காரணம் சரியாகச் சொல்லப்படுவதில்லை. உள்ளுக்குள் நடக்க வேண்டிய இருளுக்கு ஓர் ஆள்முகம் தேவைப்பட, காப் என்ற மந்திரவாதிக்குக் கோட்டை ஒன்றைக் கட்டிக் கொடுத்து, இறுதியில் அவரை அழித்துக் கணக்கை முடிக்கிறார்கள். லெ குவின் நேரில் கோரோவிடம், இது என் நூல் அல்ல, உங்கள் படம், நல்ல படம் என்ற பொருளில் கண்ணியமாகச் சொன்னார். அந்த வார்த்தை பொதுவெளிக்குப் போனதும், முழு அபிப்பிராயத்தையும் எழுத வேண்டியதாயிற்று. தீமையை ஒரு வில்லன் தலையில் ஏற்றி அவனைக் கொன்றுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற தீர்வு, தான் எழுதியதற்கு நேர் எதிர் என்பதே அதன் மையம். சை-ஃபை சேனல் கைவசம் உரிமை இருந்ததால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் 2010இல்தான் வந்தது.

அந்தப் படத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. தேரு என்ற பெண் குழந்தை ‘தெஹானு’ நாவலிலிருந்து வருகிறவள். நாவலில் சொந்த மனிதர்களே அவளைச் சீரழித்து நெருப்பில் தள்ளியிருக்கிறார்கள். முகத்தின் ஒரு பக்கம் வெந்து, ஒரு கண் போய், ஒரு கையின் விரல்கள் ஒட்டிக்கொண்ட அந்தக் குழந்தையை ஊரார் முகம் கொடுத்துப் பார்க்க அஞ்சுகிறார்கள். பார்ப்பதா வேண்டாமா என்பதே நாவலின் பெரிய கேள்வி. படத்தில் அது கண்ணைச் சுற்றி ஒரு செந்நிறத் தழும்பு. முகம் அழகாகவே இருக்கிறது. பார்வையாளர் தலையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். திருப்பிக்கொள்ள வைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்கப் பழகுவதுதானே அந்த நாவல்?

‘தெஹானு’வைச் சொன்னதும் விசுவாசம் பேசுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி ஆரம்பிக்கிறது. லெ குவின் தன் உலகத்துக்கே விசுவாசமாக இருக்கவில்லை. முதல் மூன்று நூல்களில் ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் இளக்காரமான பழமொழிகளில் மட்டும் வருகிறது. அதை எழுதியபோது தனக்கு அது உறைக்கவில்லை என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டு, நான்காம் நூலில் சக்தியிழந்த ஸ்பாரோஹாக்கை, நடுத்தர வயது விதவையான தெனாரின் வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்து, பாத்திரம் துலக்குவது யார் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார். மூன்றாம் நூலில் மாறாத விதியாகத் தோன்றிய, இறந்தவர்களின் வறண்ட நிலம், கடைசி நாவலில் மந்திரவாதிகள் செய்த ஒரு பழைய திருட்டின் விளைவு என்று தெரியவருகிறது; சுவர் இடிக்கப்படுகிறது. முதல் நூலை மட்டும் வரிக்கு வரி படமாக்குகிறவர், ஆசிரியர் பிற்பாடு திருத்திய பார்வைக்குத் துரோகம் செய்கிறார். முதலிலேயே ரோக்கில் மாணவிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தால், தெஹானு எதை எதிர்த்து எழுதப்பட்டதோ அந்த அநீதியே மறைந்துவிடும். அநீதியைக் காட்டவும் வேண்டும், அதைக் கதை இயல்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆறு நூல்களையும் படித்து முடித்த ஒருவரால்தான் முதல் நூலின் முதல் காட்சியைச் சரியாக எழுத முடியும்.

இதற்கிடையில், திரைக்கு வெளியே எர்த்ஸீக்கு நல்ல காலம். 1996இல் பிபிசி வானொலி முதல் நாவலை ஜூடி டெஞ்சின் குரலில் ஒலிபரப்பியது. 2015இல் மறுபடியும் ஒரு வானொலி நாடகம். மந்திரமே சொல்லாக இருக்கும் உலகத்துக்கு வானொலி வாகானது. ஓவியர் சார்ல்ஸ் வெஸ், எல்லா நூல்களையும் ஒரே தொகுதியாக்கிய 2018 பதிப்புக்காகச் சில ஆண்டுகள் லெ குவினோடு சேர்ந்து உழைத்தார். வெஸ் கோட்டோவியங்களை அனுப்ப, இந்த டிராகன் என் டிராகன் இல்லை என்று லெ குவின் திருப்பியனுப்ப, அப்படியே வளர்ந்தது. கடைசியாக வந்த படங்களில் ஸ்பாரோஹாக் செம்பழுப்பு நிறத்தில்தான் இருக்கிறான். 2025இல் ஃப்ரெட் ஃபோர்டம் முதல் நாவலைச் சித்திர நாவலாக்கினார். இவற்றில் எதிலுமே பெரும் பணம் புழங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுப்பதற்குச் செலவில்லை, மறுத்ததால் வரும் நஷ்டத்துக்குப் பயந்தவர்களால்தான் அதைச் செய்ய முடிவதில்லை.

லெ குவின் இறந்த ஆண்டிலேயே தயாரிப்பாளர் ஜெனிஃபர் ஃபாக்ஸ் திரை உரிமையைப் பெற்றார். அடுத்த ஆண்டு ஏ24 நிறுவனத்தோடு சேர்ந்து தொலைக்காட்சித் தொடராக எடுப்பதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பு அறிவிப்பாகவே நிற்கிறது.

என்னைக் கேட்டால், ரோக்கிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். மந்திரப் பள்ளியை எப்படிக் காட்டினாலும் பார்ப்பவர் மனதில் வேறு பள்ளியின் படிக்கட்டுகள் நகரத் தொடங்கிவிடும். ‘அதுவான்’ ஒன்றை மட்டும் தனிப் படமாக எடுக்கலாம். ஒரு பாலைவனக் கோயில், சில பெண்கள், நிலத்தடிச் சுரங்கம், இரண்டே முக்கியப் பாத்திரங்கள். சுரங்கத்தில் விளக்கேற்றுவது பாவம். தெனார் அந்தப் புதிர்வழியைக் கைத்தடவலாலும் திருப்பங்களை எண்ணி மனப்பாடம் செய்தும் கற்கிறாள். இருட்டைப் படம்பிடிக்கத் துணிந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் கிடைத்தால், பார்வையாளர் அரை மணி நேரம் மூச்சும் காலடியும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிறகு ஒருநாள் அங்கே வெளிச்சம். திருடன் ஒருவன் தடி நுனியில் ஒளியேற்றி நிற்கிறான். கறுத்த முகம், கன்னத்தில் தழும்பு. வெளிநாட்டுக் கறுப்பர்கள் ஆன்மா இல்லாத சூனியக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட வெள்ளைப் பெண், முதல்முறை அவனைப் பார்க்கிறாள். லெ குவின் பக்கங்களில் செய்த வேலையைக் கேமரா அங்கே ஒரே ஷாட்டில் செய்துவிடும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கதாநாயகி வெள்ளை என்றதும் ஸ்டுடியோ மகிழ்ச்சியாகத் தலையாட்டும். பாதிப் படம் கழித்து வரும் அந்த ஆளும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்காவது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆலோசகர் என்ற பதவிக்குக் கீழே அல்ல.